மேற்குச் சுவரும் மொட்டை மாடியும்

2019 கோடையில் எங்கள் அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, இரவுத் தூக்கமே இல்லாமல் போனது. அப்போது காரைக்குடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. இரவு பத்து மணிக்கு வெளியே காற்று ஓரளவு இதமாகிவிடும். வீட்டுக்குள் மட்டும் அடுப்படியில் நிற்பதுபோல் இருக்கும். ஃபேனைக் கூட்டி வைத்தால் மேலே தேங்கிய சூட்டைத்தான் அது கீழே தள்ளும். அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போவார். மாடித் தரையும் சுடும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெக்கை அடங்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருப்பார். எழுபது வயதில், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற உடம்போடு.

"ஆத்தா, எங்க ஓட்டு வீட்ல ஒரு நாள்கூட இப்படிக் கெடந்ததில்ல" என்று ஒரு ராத்திரி சொன்னார்.

நான் இயற்பியல் ஆசிரியை. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துகிறவள். அந்த மூன்றும் என் வீட்டுக் கூரையிலேயே நடந்துகொண்டிருக்க, ஒரு வயதான மனுஷி படியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை. இனி வீடு கட்டினால் முதலில் தூங்க முடிகிற வீடாக அது இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். 2021இல் ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட்டில் வேலையைத் தொடங்கினோம். அடுத்த வருடம் குடிவந்தோம். இங்கே சில கோடைகளைப் பார்த்தாயிற்று. "உங்க வீடு க்ரீன் வீடாமே, சோலார் எத்தனை கிலோவாட்?" என்று கேட்டுக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். சோலாரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நாங்களும் அதைக் கடைசியில்தான் வைத்தோம்.

முதலில் வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில், ஏப்ரல் 16ஐ ஒட்டி, நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள் என்று பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கும். இதற்கு என்ன அர்த்தம்? கோடை முழுக்க வீட்டிலேயே அதிகமாக வெயில் வாங்குவது மொட்டை மாடி. அடுத்தது மேற்குச் சுவர். கிழக்கிலும் அதே அளவு வெயில் படும். ஆனால் அது காலை வெயில், காற்று இன்னும் சூடேறாத நேரம். மேற்கு வெயிலோ ஏற்கனவே காய்ந்து கிடக்கிற சுவரின் மேல், மூன்று மணிக்கு மேல், சாய்ந்து வந்து அடிக்கும். சாய்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. தெற்குச் சுவரில் ஒன்றரை அடி சன்ஷேடு போட்டாலே போதும். வடக்கில் வெயிலே வராது என்று சன்ஷேடு இல்லாமல் விடுகிறார்கள், அது தவறு. மே, ஜூன் மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

ஆக, எங்கள் செலவும் கவலையும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களுக்குத்தான் போயின: மொட்டை மாடி, மேற்குச் சுவர்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பூச்சு இல்லாத செங்கல் சுவர்கள், ஓட்டை ஓட்டையாகச் செங்கல் சாளரங்கள், உள்ளே போனதும் முகத்தில் படுகிற குளிர்ச்சி. பேக்கர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்து, 2007இல் திருவனந்தபுரத்திலேயே காலமானவர். அவர் கேரளத்தில் பரப்பிய ஒரு கட்டுமுறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துத்தானே கட்டுவோம். இதில் நிற்க வைத்துக் கட்ட வேண்டும். வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்றங்குல இடைவெளி. கொஞ்ச தூரத்துக்கு ஒரு கல்லைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கத்தையும் பிணைக்க வேண்டும். சுவரின் கனம் அதே ஒன்பதங்குலம்தான். ஆனால் செங்கல் கால்வாசி மிச்சம், கலவையும் குறைவு. நடுவில் அடைபட்டு நிற்கும் காற்று, வெளிச்சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும்.

எங்கள் மேஸ்திரி முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் படத்தைக் காட்டியதும் தலையைச் சொறிந்தார். "டீச்சர், உள்ள பொக்குனு வச்சுக் கட்டுனா தளத்தோட பாரத்த எப்படித் தாங்கும்?" என்றார். நியாயமான கேள்வி. அவர் பெயர் அல்லவா அந்தச் சுவரில் நிற்கப்போகிறது! மனையின் மூலையில் நான்கடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்ப்போம் என்றேன். கட்டினார். ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற வைத்தோம். அப்புறம் அவரே அதன் மேல் ஏறி நின்றார். சித்தாள் அக்கா இரண்டு பேரையும் ஏறி நிற்கச் சொன்னார். கடைசியில் கடப்பாரையால் ஒரு மூலையை இடித்துப் பார்த்துவிட்டு, "சரி, கட்டுவோம்" என்றார். எங்கள் இன்ஜினியரும், மூலைகளிலும் சன்னல் அடியிலும் லிண்டல் மட்டத்திலும் இடைவெளி விடாமல் கெட்டியாகக் கட்டச் சொல்லி வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார்.

இந்தக் கட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, செய்து பார்த்தால்தான் தெரியும். அடுத்த வரிசைக்குக் கலவை போடும்போது நடு இடைவெளிக்குள் கலவை விழுந்துகொண்டே இருக்கும். விழுந்து நிரம்பினால் காற்று எங்கே நிற்கும்? வேலை தொடங்கிய இரண்டாம் நாள் மேஸ்திரி சென்ட்ரிங் கட்டைகளுக்குள் தேடி ஒரு ரீப்பர் கட்டையை எடுத்தார். சரியாக மூன்றங்குல அகலம், மூன்றடி நீளம். இரண்டு முனையிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டினார். அதைச் சுவரின் நடுவில் இடைவெளியை மூடினாற்போல் படுக்க வைத்து, இரண்டு ஓரமும் கரண்டியால் கலவையை இழுத்து, அப்புறம் கயிற்றைப் பிடித்துக் கட்டையைத் தூக்கி அடுத்த மூன்றடிக்கு நகர்த்தினார். தூக்கும்போது கட்டையின் மேல் சிந்தியிருந்த கலவையைக் கரண்டியின் விளிம்பால் வழித்து மறுபடி சட்டியில் போட்டார். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பள்ளிக்குப் போகும் முன் தினமும் காலையில் பத்து நிமிடம் நின்று இதையே பார்ப்பேன். அப்படி ஒரு ஒழுங்கு அந்தக் கைகளில்.

முதல் வாரம் வேலை மெதுவாகத்தான் நடந்தது, கூலி கூடியது. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. எங்கள் கணக்கில் ஐயாயிரம் கல்லுக்குக் கிட்டே மிச்சம். சூளையில் வெந்து வரும் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் விறகும் வயல் மண்ணும் இருக்கின்றன. எனக்கு ரூபாயைவிட அந்தக் கணக்குத்தான் பெரிதாகப் பட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சுவரில் கண்ட இடத்தில் துளை போடக் கூடாது. குடிவந்த புதிதில் சமையலறையில் பாத்திர அலமாரி மாட்ட ஆள் வந்தார். டிரில் உள்ளே போனதும் பொக்கென்று இடைவெளியில் இறங்கிவிட்டது. அப்படியே பிளாஸ்டிக் பிளக்கைத் திணித்து ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அலமாரி பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அப்போது அங்கே யாரும் இல்லை. கனமான சாமான் மாட்டும் இடங்களைக் கட்டும்போதே யோசித்து, அங்கே மட்டும் கெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். குறுக்குக் கல் இருக்கும் இடத்தில் அடித்தாலும் நிற்கும்.

மேற்கில் சுவர் மட்டும் போதாது என்று அந்தப் பக்கம் படுக்கையறையே வைக்கவில்லை. குளியலறை, சாமான் அறை, மாடிப்படி மூன்றும் மேற்கே வரிசையாக வந்தன. மாலை வெயில் அவற்றின் மேல் விழட்டும், நாம் தூங்கும் அறைகள் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும் என்பதுதான் யோசனை. ஆனால் ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதானே வருகிறது? அதை முழுக்க அடைக்க மனம் வரவில்லை. சாமான் அறைக்கும் படிக்கும் நடுவில் இரண்டடி அகலத்தில் உயரமாக ஒரு சன்னல் விட்டோம். ஆடியில் அதைத் திறந்தால் காற்று நடைவழியில் பாய்ந்து முன்வாசல் வழியாகப் போகும். சித்திரை, வைகாசியில் நண்பகலோடு மூடிவிடுவோம்.

இவ்வளவு யோசித்தும் மேற்கில் ஒரு தவறு செய்தேன். மாடிப்படியில் வெளிச்சம் வேண்டும் என்று நான்கடிக்கு ஐந்தடியில் திறக்காத ஒரு கண்ணாடிச் சன்னல் வைக்கச் சொன்னேன். முதல் கோடையில் மாடிப்படி முழுக்க அனல். உள்ளே கெட்டித் திரை போட்டும் பயனில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். பாடம் நடத்தும் எனக்கே அது அன்றைக்குத் தோன்றவில்லை என்று மிகவும் வருந்தினேன். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் தடுத்ததாக அர்த்தம். இப்போது வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி தொங்குகிறது. மாசியில் இறக்கிவிட்டு ஐப்பசியில் சுருட்டிவிடுவேன்.

வெளியே மேற்கு ஓரத்தில் இரண்டு புங்கமரமும் ஒரு வேம்பும் வைத்திருக்கிறோம். புங்கை மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்த்துவிட்டு, வெயில் உச்சத்துக்கு வரும் முன் தளதளவென்று புதுத் தளிர் விட்டுவிடும். அதன் நிழலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு குளிர்ச்சி. கன்றுகள் இன்னும் சுவர் உயரத்தைத் தாண்டவில்லை. நான்கைந்து வருடத்தில் மேற்குச் சுவரை அவை பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

சரி, மொட்டை மாடி. இதில்தான் என் மனமெல்லாம் இருந்தது.

கான்கிரீட் தளம் பாரத்தில் லேசாக வளையும்போது அதன் மேல்பாதி நசுக்கப்படும், கீழ்பாதி இழுபடும். நசுக்கலைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்குவது கம்பிதான். அப்படியென்றால் கீழ்பாதியில் கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கனம் குறைந்த வேறு எதையாவது வைத்து நிரப்பலாம். இதுதான் ஃபில்லர் ஸ்லாப். பேக்கர் மங்களூர் ஓடுகளை வைத்தார். நாங்களும் அதையே செய்தோம். இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவில் கொஞ்சம் காற்று அடைபடும். சிமெண்டும் குறையும், சூடும் குறையும். உலகம் முழுக்க வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரு மூட்டை மிச்சமானாலும் நல்லதுதான்.

ஓடுகளைப் புதிதாக வாங்கவில்லை. பக்கத்து ஊரில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தோம். தளம் போடுவதற்கு முந்தின நாள் அத்தை, என் மகள், நான் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் தொட்டியில் ஊற வைத்தோம். காய்ந்த ஓட்டை அப்படியே வைத்தால் அது கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், தளம் பலவீனமாகும். அத்தை ஒரு ஓட்டைத் திருப்பி, அதில் அச்சு வைத்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். "எங்கப்பா வீட்லயும் இந்த ஓடுதான்" என்றார். இன்றைக்கு எங்கள் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் அந்த ஓடுகளின் சிவப்பு முதுகு கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே பூச்சே பூசவில்லை.

ஒன்று முக்கியம். ஃபில்லர் ஸ்லாபை மேஸ்திரியும் நாமும் பேசி வைத்துப் போட்டுவிடக் கூடாது. கம்பியின் இடைவெளி, சுவரை ஒட்டி எவ்வளவு தூரம் ஓடு வைக்காமல் கெட்டியாக விட வேண்டும் என்பதையெல்லாம் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். நாங்கள் முதலில் கேட்ட இன்ஜினியர் முடியாது என்றார். இரண்டாமவர் ஆர்வத்தோடு செய்து கொடுத்தார்.

தளத்துக்கு மேலே பழைய முறையில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கித் தளம் போட்டோம். இப்போது பலரும் இதை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நான்கு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் மூன்று நாள் தட்டினார்கள். தட்டும்போது ஒரு தாளம் வரும். முதல் நாள் சத்தம் மெத்தென்று இருந்தது. மூன்றாம் நாள் டங் டங்கென்று கல்லில் தட்டுவதுபோல் கேட்டது. அவர்களில் மூத்தவர் காதைக் கீழே வைத்துக் கேட்டுவிட்டு, "இறுகிப் போச்சு" என்று கட்டையைக் கீழே போட்டார். அதற்கு மேல் தட்டோடு பதித்து, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை.

இந்த வெள்ளையைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. நம் ஊரில் மொட்டை மாடிக்குச் செய்யக்கூடிய மிகச் சுலபமான, மிக மலிவான வேலை இதுதான். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது. கூலிங் டைல்ஸ், கூலிங் பெயிண்ட் எல்லாம் கடையில் கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. நாங்கள் அடிப்பது வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் பசை கலந்து. ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவிவிடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது மாடிக்கும் இரண்டு கை அடித்துவிடுவோம். கோடைக்குச் சரியாகத் தயாராகிவிடும். நம் பஞ்சாங்கமே இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கிறது.

தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மே மாத மதியம் இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுக்கொண்டு அவர்கள் மாடியில் ஏறினேன். வெள்ளையடிக்காத சிமெண்ட் தரை 59 டிகிரி காட்டியது. எங்கள் மாடி 44. அன்று இரவு பத்து மணிக்கு உள்ளே விட்டத்தைப் பார்த்தேன், 33 டிகிரி. என் கணவர் சைக்கிளில் போய், எங்கள் பழைய வாடகை வீட்டில் இப்போது இருப்பவர்களிடம் அனுமதி கேட்டு அங்கேயும் பார்த்துவிட்டு வந்தார். 38. இந்த ஐந்து டிகிரிக்காகத்தான் இத்தனை பாடும். படுத்திருப்பவரின் உடம்பின் மேல் இரவு முழுக்க அந்த விட்டம் சூட்டை வீசிக்கொண்டிருக்குமா, இருக்காதா என்பதை முடிவு செய்வது அந்த ஐந்து டிகிரிதான்.

அடுத்தது சன்னல். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வீடுகளுக்காக எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. நம்மைப் போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தளப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது அது. இதில் ‘திறக்கக்கூடிய’ என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி வேண்டும். நான்குக்கு ஐந்தடியில் ஸ்லைடிங் சன்னல் வைத்தால் கணக்கு சரியாக வந்ததுபோல் தெரியும். ஆனால் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்வதால் பாதிதான் திறக்கும். பத்து சதுர அடிக் காற்றைக் காணோம்! அதே அளவில் இரண்டு கதவுச் சன்னல் வைத்தால் முழுவதும் திறக்கும்.

இதற்கு நாங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, தூண் எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். அந்தப் பெரிய வீடுகள் இடிபடுவதைப் பார்க்க வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பர்மா தேக்கு வீணாகாமல் இன்னொரு வீட்டில் நிற்பது ஒரு ஆறுதல். ஆறு சன்னல்கள் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. பகலில் கீழ்க்கதவை மூடிவிட்டு மேல்கதவைத் திறந்து வைக்கலாம். படுக்கும்போது கீழ்க்கதவைத் திறந்தால் காற்று நேராகக் கட்டிலுக்கு வரும். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஆசாரி யோசித்து வைத்தது. உள்ளே கொசுவலைச் சட்டம் மட்டும் புதிதாகச் செய்தோம். அது இல்லாவிட்டால் மாலை ஆறு மணிக்கே சன்னலைச் சாத்தத்தான் தோன்றும், காற்றோட்டம் பற்றிய எந்தக் கணக்கும் அங்கேயே முடிந்துபோகும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. பத்து மைல் தொலைவிலிருந்து வந்த தரை. அத்தை மதியத்தில் கூடத்தில் பாய்கூட விரிக்காமல் படுத்துக்கொள்வார்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2003இல் தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய நாளிலிருந்து இதை எல்லோரும் அறிவோம். எங்கள் மாடி சுமார் 97 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வானொலியில் 5 சென்டிமீட்டர் மழை என்று சொன்னால் எங்கள் மாடியில் மட்டும் 4,800 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. சிந்தியது, சிதறியதுபோக நாலாயிரம் லிட்டராவது தொட்டிக்கு வந்துவிடும். முதல் மழையைத் தனிக் குழாயில் வெளியே விட்டுவிடுவோம். தொட்டி நிறைந்தால் மிச்சம் கிணற்றுக்கு. குளியலறைத் தண்ணீர் ஜல்லிக் குழி வழியாகக் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. முதல் தாரை வெட்டியபோது தெருவுக்கே பழம் கொடுத்தோம்.

இப்போது மின்சாரம். வீடு குளிர்ச்சியாகிவிட்டால் இந்தப் பகுதி தானாகச் சிறியதாகிவிடும். ஐந்து ஃபேனும் பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத மோட்டார் வகை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவுதான். ஐந்து ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 160 யூனிட் மிச்சம். நாங்கள் குடிவந்தபோது அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தந்ததே 100 யூனிட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது. கடையில் கேட்டு வாங்குங்கள். ஏசி ஒன்று இருக்கிறது, அத்தை அறையில். அக்னி நட்சத்திரத்தில் பத்துப் பதினைந்து ராத்திரி 27 டிகிரியில் ஓடும். மற்ற நாளெல்லாம் அதன் மேல் உறை போட்டிருக்கும்.

2024இல் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தபின் சோலார் வைத்தோம். பார்க்க வந்தவர் ஐந்து கிலோவாட் வையுங்கள் என்றார். எங்கள் பழைய மின்கட்டண அட்டையை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு கிலோவாட்டே எங்களுக்குப் போதும். மானியம் கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000 ரூபாய். நல்ல வெயில் நாளில் எட்டு யூனிட் வருகிறது. வெயில் கொளுத்தும் மே மாதத்தில்தான் அதிகம் வரும் என்று என் மாணவர்கள் நினைத்தார்கள். ஆனால் சோலார் பலகை சூடாகச் சூடாக அதன் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் அளவுக்கு இறங்கும். எங்கள் வீட்டில் அதிகம் வந்தது மார்ச்சில். மாத வாரியான அந்த எண்களை வைத்தே ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். பலகைகளை ஏழடி உயரச் சட்டத்தில், மாடியின் மேற்குப் பகுதியில் வைக்கச் சொன்னேன். மாடியின் ஒரு பகுதிக்கு அதுவே நிழல். துணியும் வற்றலும் காய வெயில் வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டதால் கிழக்குப் பகுதியைத் திறந்தே விட்டோம்.

க்ரீன் வீடு என்றதும் பலகைகளைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மூன்று மணி வெயிலில் சாமான் அறையின் மேற்குச் சுவரை உள்பக்கமாகத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் மாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி நிற்கச் சொல்வேன். ஏற்கனவே கட்டிய வீட்டில் இருப்பவர்களும் வெள்ளையடிக்கலாம், மேற்கில் தட்டி தொங்கவிடலாம், ஒரு புங்கங்கன்று வைக்கலாம். எங்கள் பள்ளியில் மேல்மாடி வகுப்பறைகளின் கூரைக்கு இந்தத் தை மாதம் பிள்ளைகளோடு சேர்ந்து வெள்ளையடித்தோம். தலைமையாசிரியர் தன் பணத்தில் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தார். மதியத்துக்கு மேல் ஆறாவது பீரியடில் பிள்ளைகள் இப்போது தலையைத் தூக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி போன் செய்தார். கீழச்சேரியில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் போட்டாயிற்றாம். "டீச்சர், அவங்களுக்கும் எலிப்பொறிக் கட்டுத்தான், நானே சொல்லிச் சம்மதிக்க வச்சேன்" என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அந்த ரீப்பர் கட்டை இருக்கா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

சாமான் அறைப் பரணில் இருந்தது. ஒரு முனையில் கயிறு இற்றுப் போயிருந்தது. அத்தைதான் புதுக் கயிறு கட்டி, அதில் ஒட்டியிருந்த பழைய கலவையைச் சுரண்டித் துடைத்து, திண்ணையில் எடுத்து வைத்தார்.